தூக்கிப் பார்த்தால் தெரியும்

போளூர் ரயில் நிலையத்துக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு நடத்திய அக்கா, யாருக்கும் வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. நாம் வண்டியைப் பூட்டிவிட்டு டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலடி நடப்பதற்குள், அவர் சீட்டுக்கு அடியில் வலது கையைக் கொடுத்து, பின்சக்கரத்தை ஒரு சாண் தூக்கி, வரிசையில் நகர்த்தி வைத்திருப்பார். வைத்த கையோடு ஒரு வார்த்தை வரும். "பட்டினி" என்றால் டயரில் காற்று இல்லை. "சீக்கு" என்றால் அச்சில் ஏதோ கோளாறு. "மாப்ள" என்றால் கடையிலிருந்து நேராக வந்த புது வண்டி. அவர் தரும் வரவேற்பு அவ்வளவுதான்.

பூட்டிய சைக்கிள் உருளாது. தூக்கித்தான் நகர்த்த வேண்டும். காலையில் இடம் பண்ணுவதற்கு ஒருமுறை, மாலையில் எடுத்துக் கொடுப்பதற்கு ஒருமுறை என்று இருபது வருஷம் தூக்கியதில், அந்தக் கைக்கு ஊரில் உள்ள அத்தனை சைக்கிளும் பாடமாகியிருந்தது. டோக்கன் என்பது எங்கள் மனத் திருப்திக்காகத்தான். தொலைத்துவிட்டு வந்து நின்றாலும், இருட்டில் நாலு வண்டியைத் தூக்கிப் பார்த்து ஐந்தாவதை நம்மிடம் தள்ளுவார்.

ஒரு மாலை, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஜவுளிக்கடைக்காரர் ஒருவரை அக்கா நிறுத்தினார்.

"இது ஒங்க வண்டி இல்லீங்க."

"சாவி போட்டுத் தொறந்தேன், பாத்தியா இல்லியா?"

"சாவி போட்டா ஆச்சா? எங்க வூட்டு சாவி எதுத்த வூட்டுப் பூட்டுக்கும் போடும். அதுக்குன்னு அங்க போய்ப் படுத்துக்க முடியுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "தூக்கிப் பாருங்க, தெரியும்" என்றார். ஜவுளிக்கடைக்காரர் தூக்கிப் பார்த்தார். நானும் ஆர்வத்தில் தூக்கிப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய வண்டி இரண்டு வரிசை தள்ளி நின்றது. கேரியருக்கு அடியில் அவர் மகன் பெயிண்டில் எழுதிய பெயர்கூட அப்படியே இருந்தது.

அன்று எல்லாரும் அக்காவை மெச்சினார்கள். எனக்கு மட்டும் உள்ளே சில்லென்று இருந்தது. இப்படி ஒரு கை ஊருக்குள் இருப்பது, நல்லவனாக இருக்கிற வரைக்கும்தான் வசதி. நான் எவ்வளவு காலம் நல்லவனாக இருப்பேன் என்பதில் எனக்கு எப்போதுமே உறுதி கிடையாது.

என் தகுதிகளையும் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேலூரில் அரசு அலுவலக வேலை. ஒரு வாரப் பத்திரிகையில் என்னையே கேலி செய்து எழுதுவேன். மற்றவர்களைக் கேலி செய்தால் அடிப்பார்கள். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளில் கியர் சைக்கிள் வாங்கினேன். உள்ளூர் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தேன். அதன் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் வருஷாவருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடிவாரத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வரை மலையேறும் போட்டி வைப்பார்.

நான் கலந்துகொண்ட முதல் வருஷம், ஐந்தாவது கொண்டை ஊசி வளைவிலிருந்தே ஆம்புலன்ஸ் என்னை மட்டும் நம்பி என் பின்னால் வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "சார், ஏறிக்கிறீங்களா? ஏசி இருக்குது" என்றார். அடுத்த வளைவில் மறுபடி கேட்டார். ஒன்பதாவது வளைவில், "வூட்டு நம்பர் எதனா குடுங்க சார், சொல்லி வைக்கிறேன்" என்றார். நான் கடைசிவரை ஏறாததற்குக் காரணம் வீரம் அல்ல. சைக்கிளிலிருந்து இறங்கினால் கால் நிற்குமா என்று பயம். மேலே போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். இதை நானே பத்திரிகையில் எழுதினேன், ஊரே சிரித்தது. சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் இரண்டாம் நாளும் சிரித்தபோது வலித்தது.

அந்தப் போட்டியில் வெளியூர்க்காரர் ஒருவர் வியர்க்காமல் ஏறினார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வெளிநாட்டுப் பந்தயங்களில் சைக்கிள் குழாய்க்குள் மோட்டாரை ஒளித்து வைக்கிறார்கள் என்று யாரோ காணொளி அனுப்பினார்கள். பல் டாக்டர் உடனே மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்றை வரவழைத்தார். அது எல்லாச் சைக்கிளையும் பார்த்துக் கூவியது. அவருடைய முழங்காலில் வைத்திருந்த தகட்டைப் பார்த்தும் கூவியது. கடைசியில் சங்கக் கூட்டத்தில் ஒருமனதாக முடிவெடுத்தோம்: அடுத்த போட்டியில் எல்லா வண்டியையும் ஸ்டாண்டு அக்கா தூக்கிப் பார்ப்பார். கை தட்டியவர்களில் நானும் உண்டு.

எனக்கு மோட்டார் ஆசை வந்ததே அந்தக் காணொளியைப் பார்த்துத்தான்.

திருப்பத்தூரில் என் மைத்துனருக்குத் தெரிந்தவர் ஒருவர் இதற்கென்றே இருந்தார். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய்க்குள் போகிற மாதிரி நீளமான மோட்டார், அதோடு ஒட்டிய பேட்டரி, கைப்பிடிச் சுற்றுக்கு அடியில் தெரியாத ஒரு பொத்தான். அமுக்கினால் மிதி தானாகச் சுற்றும். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

"எக்ஸ்ரே எடுத்தாத்தான் சார் கண்டுபிடிக்க முடியும்" என்றார் அவர்.

நான் எக்ஸ்ரேவுக்குப் பயப்படவில்லை.

இங்கேதான் என் வாழ்நாளின் ஒரே விஞ்ஞானச் சிந்தனை உதித்தது. அந்தக் கையை ஏமாற்ற முடியாது, ஆனால் பழக்கலாம். போட்டிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. கார் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டுகிற ஈயத் துண்டுகள் டயர் கடையில் கிடைக்கும். தினமும் ஒரு துண்டை வேட்டிக் கிழிசலில் சுற்றி, சத்தம் வராமல் சீட்டுக் குழாய்க்குள் இறக்குவது. ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் கூடினால் யாருக்குத் தெரியும்? மோட்டாரின் எடை வந்ததும் ஈயத்தை எடுத்துவிட்டு மோட்டாரைப் பொருத்திவிடலாம். அதற்குள் என் வண்டியின் கனமே அதுதான் என்று அக்காவின் கை நம்பியிருக்கும்.

சாமை அரிசியை அளந்து சாப்பிடுவதற்காக வாங்கிய சமையலறைத் தராசில் ஈயத்தை நிறுத்துக்கொண்டிருந்தபோது மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க இது, இதையும் அளந்துதான் சாப்பிடணும்னாரா டாக்டர்?"

நான் சிரித்து மழுப்பினேன். வீட்டில் நான் கோமாளியாக இருப்பதில் இந்த ஒரு சௌகரியம் உண்டு.

ஒன்றை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் பொய்; தெரியும், அதன் பொருள் தெரியவில்லை. காட்பாடிப் பக்கம் போகிற முதல் ரயில் என்னுடையது. ஸ்டாண்டுக்குள் வருகிற முதல் வண்டியும் என்னுடையதுதான். அக்காவுக்கு அதுதான் போணி. வலது கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படவேட்டு அம்மனை முணுமுணுத்து, என் வண்டியைத் தூக்கிக் கிழக்கு முகமாக வைத்த பிறகுதான் அவருக்கு நாள் தொடங்கும். அதற்கப்புறம்தான் மற்றவை.

ஏறக்குறைய இருபதாம் நாள். அக்கா என் வண்டியைத் தூக்கி வைத்தார். வார்த்தை எதுவும் வரவில்லை. கையை உதறினார். விரல்களை மடக்கி விரித்தார்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல சார். கொஞ்ச நாளா மொத வண்டி தூக்குறப்ப கை வுழுவுது. ரெண்டாவது வண்டிலேர்ந்து சரியாப் பூடுது. பனி பாருங்க, அதனால இருக்கும்."

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் என் வண்டியைச் சந்தேகப்படவே இல்லை. தன் கையைச் சந்தேகப்படுகிறார்.

அடுத்த வாரம் மணிக்கட்டில் துணி சுற்றி, மூலிகை எண்ணெய் வாசனையோடு நின்றார். கேட்காமல் போயிருக்கலாம். கேட்டேன்.

"எங்கம்மாவுக்கு இப்பிடித்தான் சார் ஆரம்பிச்சுது. மலைல, எங்க ஊர்ல. காலைல மொத கொடம் தண்ணி கனக்குதுன்னாங்க. மீதி கொடமெல்லாம் சாதாரணமாத்தான் தூக்கினாங்க. அடுத்த வருசம் கரண்டி கனக்குதுன்னாங்க." மணிக்கட்டுத் துணியை இறுக்கிக்கொண்டார். "எட்டு வருசம் படுக்கை. கடைசில ஈ ஒக்காந்தாக்கூட ஓட்ட முடியல. நான்தான் ஓட்டுவேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எதுக்கு சார் பயப்பட்றீங்க? ரயிலுக்கு நேரமாச்சு, போங்க" என்றார்.

அன்று முதல் எனக்கு இரண்டு பயம். முதலாவது, கண்டுபிடித்துவிடுவாரோ என்பது. இரண்டாவது, கண்டுபிடிக்காமலே போய்விடுவாரோ என்பது. இரண்டாவதுதான் பெரிது என்று இப்போது எழுதுவது சுலபம். அன்றைக்கு முதலாவதுதான் பெரிதாக இருந்தது. ஈயத்தை எல்லாம் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் திடீரென்று கனம் இறங்கினால் அந்தக் கை விடுமா? ஆகவே என் நியாயபுத்தி ஒரு தீர்ப்பு சொன்னது: போட்டி முடியட்டும், அப்புறம் தினம் ஒரு துண்டாகக் குறைத்துக்கொண்டே வந்தால் அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குணமாகிவிடுவார். நோயைத் தவணையில் கொடுத்தவன் குணத்தையும் தவணையில் கொடுக்கத் திட்டம் போட்டேன். மறுநாள் காலை அடுத்த துண்டையும் போட்டேன்.

அக்கா வேலூருக்குப் போய் ஒரு டாக்டரையும் பார்த்துவிட்டு வந்தார். "நரம்பு மாதிரி தெரியுதாம். இன்னும் டெஸ்டுங்க எடுக்கணுமாம்" என்றார். நான் பார்த்திராத ஒரு பழக்கம் அவரிடம் வந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வலது கையை இடது கையால் தூக்கி, அதன் கனத்தைப் பார்ப்பார்.

போட்டி நாள். அடிவாரத்தில் பனி விலகாத ஏழு மணி. சைக்கிள்கள் வரிசையாக நின்றன; என்னுடையதற்குள் முந்தின இரவே ஈயம் போய் மோட்டார் வந்திருந்தது. அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஒரு முனையிலிருந்து தூக்கிக்கொண்டே வந்தார். "பட்டினி." "நல்லாருக்குது." "மாப்ள." ஒவ்வொன்றுக்கும் பல் டாக்டர் சாக்பீஸால் கோடு போட்டார். முதல் வண்டி லேசாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். முகம் தெளிந்து, யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்கக்கூடச் செய்தார். என் வண்டி இருபத்துச் சொச்சத்தில் நின்றது. அவர் நெருங்க நெருங்க ஹெல்மெட் வாரைக் கழற்றி மாட்டினேன், மறுபடி கழற்றினேன்.

தூக்கினார்.

சிரிப்பு நின்றது. கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். பக்கத்து வண்டிக்குப் போய் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னுடையதற்குத் திரும்பி வந்தார். இப்போது தெரிந்துவிடும், தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, ஓகேவா?" என்றார் பல் டாக்டர்.

"சார் வண்டிதானே" என்று மெதுவாகச் சொன்னார். "போடுங்க கோடு."

மலை ஏறினேன். சரியாகச் சொன்னால் மலை என்னை ஏற்றிக்கொண்டது. பொத்தானை அமுக்கும்போது மெல்லிய ரீங்காரம் வரும். அதை மறைக்க, ஆள் பக்கத்தில் வரும்போதெல்லாம் இருமினேன். "சார், ஆஸ்துமாவா?" என்று ஒருவர் நிஜமான கவலையோடு கேட்டார். ஒவ்வொரு வளைவிலும் யாரோ குறுக்கே வந்து கையை நீட்டி நிறுத்தப்போகிறார்கள் என்று தோன்றியது. புளியமர நிழலில் உட்கார்ந்திருந்த இரண்டு மலைக்காரப் பெண்கள் என் காலைப் பார்த்து ஏதோ பேசிச் சிரித்தபோது, பொத்தானிலிருந்து விரல் தானாக வழுக்கியது. மோட்டாருக்கு என் பயம் தெரியாது. அது பாட்டுக்கு ஒரு நொடி பிந்தி நின்றது. அந்த ஒரு நொடி என் காலை அது சுற்றியது; நான் சுற்றவில்லை. பிணத்தின் காலை யாரோ பிடித்து ஆட்டுவது போல இருந்தது.

பதினேழாவதாக வந்தேன். முன்வரிசையில் வந்தால் சந்தேகம் வரும் என்பதால், திட்டமிட்ட நடுத்தரம். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். பல் டாக்டர் கட்டிப்பிடித்து, "பயிற்சின்னா இதுதான்யா" என்று மைக்கில் சொன்னார்.

ஜமுனாமரத்தூர் ஏரியின் படகுத்துறைச் சுவரில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். வேனில் முன்னதாகவே வந்திருந்தார். பல் டாக்டர் அவருக்குச் சால்வை கொண்டுபோனபோது நானும் கூட நின்றேன்.

"வேணாம் டாக்டர். அடுத்த வருசத்துக்கு வேற ஆளப் பாருங்க."

"ஏன்க்கா?"

"இத்தினி நாளா காலைலதான் கை வுழுவுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னிக்கு நடுவுல வுழுந்துடுச்சு. எந்த வண்டி கனம், எந்த வண்டி லேசுன்னு எனக்கே தெரியல. எதனா தப்பான வண்டிய வுட்டிருந்தா மன்னிச்சிக்கங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "போட்டோவுக்கு வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். போனேன். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டில் எங்கோ இருக்கிறது. பல்லெல்லாம் தெரியச் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் மோட்டாரை எடுத்துவிட்டு ஈயத்தைப் போட்டு, தினம் ஒரு துண்டாகக் குறைக்கத் தொடங்கினேன். ஒன்பது துண்டு குறைத்திருந்தேன். பத்தாம் நாள் ஸ்டாண்டில் வேறு ஒருவர் நின்றார்.

"அக்கா எங்கங்க?"

"மலைக்குப் பூட்டாங்க சார், அண்ணன் வூட்டுக்கு. கைல ஏதோ வியாதியாம். குத்தகைய எங்க பேருக்கு மாத்திக் குடுத்துட்டாங்க. நீங்க பூட்டாம வுட்டுட்டுப் போங்க, நான் தள்ளிக்கிறேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வேறு வேலைகள் இருந்தன. என்னென்ன என்று கேட்காதீர்கள். நாலாவது ஞாயிறு, மோட்டாரை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, மோட்டாரும் ஈயமும் இல்லாத அதே சைக்கிளில் கிளம்பினேன். பஸ் இருக்கிறது, தெரியும். பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். வளைவுக்கு ஒன்றாக வாக்கியம் தயாரித்தேன். "அக்கா, ஒரு வேடிக்கை கேளுங்க" என்று தொடங்கியதை அடுத்த வளைவில் எறிந்தேன். "அக்கா, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு" என்பதில் தப்பு தானாக நடந்ததுபோல இருந்தது. மேலே போகப் போக வாக்கியங்கள் தீர்ந்துவிட்டன, மலை தீரவில்லை.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, சாமை அறுத்த காட்டு ஓரத்தில் ஓட்டு வீடு. அக்கா வாசலில் உட்கார்ந்து இடது கையால் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் துணி சுற்றிக் கிடந்தது, தூங்குகிற குழந்தையைப்போல. ஒரு மாதமாக அதை அவர் எதற்கும் எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. முன்கை மெலிந்திருந்தது. அதைப் பார்த்ததும், வந்த வழியே திரும்பிவிடத்தான் தோன்றியது.

"அட, சாரா! இம்மாந் தூரம் சைக்கிள்லயா? ஒக்காருங்க, தண்ணி..." என்று எழுந்தவர், இடது கையால் சொம்பைத் தேடினார்.

நான் மோட்டாரை எடுத்து நீட்டினேன். அவர் இடது கையை நீட்டினார்.

"அந்தக் கைல இல்லக்கா. இந்தக் கைல."

வலது கையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துவிட்டு வாங்கினார். கை தணிந்தது, பிறகு நின்றது. நான் தரையைப் பார்த்துச் சொன்னேன். ஈயம், தராசு, ஒன்றரை மாதம், முதல் வண்டி, மோட்டார், பதக்கம். எந்த வளைவிலும் தயாரிக்காத வரிசையில் வந்தது.

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அக்கா மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு, என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டிருந்தார். வைத்தார், தூக்கினார். பக்கத்தில் நின்ற அண்ணன் வண்டியைத் தூக்கினார். உரலோரம் கிடந்த உலக்கையை, தண்ணீர்க் குடத்தை, புளி மூட்டையின் ஒரு முனையை.

"அண்ணே!" என்று உள்ளே பார்த்துக் கூவினார். "எனக்கு ஒண்ணுமில்லையாம்! அம்மாவுக்கு வந்தது எனக்கு வர்லியாம்!" குரல் உடைந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் வந்தது.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார், வலது கையால். குடித்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷம் சைக்கிள்களைப் பார்த்த பார்வை. என்ன வார்த்தை வரப்போகிறதோ என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஸ்டாண்டுக்காரர்கிட்ட நான் பேசறேன்க்கா. நடந்தத எழுத்துலயே..."

"அது பூட்டுது சார், வுடுங்க. வெளிச்சம் இருக்குறப்பவே எறங்குங்க."

மோட்டாரை எடுத்துப் பைக்குள் போடக் குனிந்தேன். அவர் கை முந்திக்கொண்டது.

"இது இங்க இருக்கட்டும்" என்றார். "எனக்கு ஒண்ணுமில்ல, தெரியுது. ஆனா ஒரு வாட்டி சந்தேகம் வந்துடுச்சு இல்ல? இனிமே எந்தக் காலைல கை கனத்தாலும் பக்குன்னு இருக்கும். எழுந்ததும் இதத் தூக்கிப் பாத்துக்கிறேன்."